எங்கள் வாசலில் வியூ பாயிண்ட்

முதலில் வந்தது ஒரு வெள்ளைக் கார். உச்சி வெயிலில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையை முறத்தோடு வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். பின்னாலேயே மனைவி, மாமியார், பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் இறங்கியது. மைன்ஸ் எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டார்கள். இங்கிருந்து எந்தப் பக்கமும் தெரியாதுங்க, சுரங்கம் டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கிறது, பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் எங்கள் தெரு இருந்தது, எங்கள் வேப்பமரம் இருந்தது, எங்கள் கூரைமேல் ஒரு சிவப்புக் குறி குத்திட்டு நின்றது. பக்கத்தில் 'மைன்ஸ் வியூ பாயிண்ட்' என்று எழுதியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் குப்பை கொட்டுகிறவள் நான். என் பேச்சுக்கு இல்லாத மரியாதை அந்தக் குறிக்கு இருந்தது.

உள்ளே என் வீட்டுக்காரர் பழனிவேல் தூங்கிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் நன்றாகத் தூங்கினால்தான் மறுபடி ராத்திரி கண் விழிக்க முடியும். நைட் ஷிப்ட் வாரத்தில் எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது, விசில் அடிக்கும் என்று. மிக்சி கிடையாது, சட்னியை அம்மியில்தான் அரைப்பேன். தெருவில் கத்திரிக்காய் விற்கிறவன் எங்கள் வாசல் வந்ததும் வாயை மூடிக்கொண்டு போவான். அப்படி நான் காப்பாற்றி வைத்திருந்த தூக்கத்தை அந்த ஹாரன் ஒரே அடியில் கெடுத்தது. கட்டிலிலிருந்து அவர் எழுந்து உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் வெள்ளைக் கார்க்காரரை அவர் மாமியார் முன்னாலேயே நன்றாகக் கேட்டுவிட்டேன்.

அப்புறம் அந்தக் கிழவி நாக்கு வறண்டு நின்றதைப் பார்த்து மனசு கேட்காமல் ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன்.

இந்தக் குறி எப்படி வந்தது என்று யோசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பட்டன் போனே போதும் என்று நிம்மதியாக இருந்தவள் நான். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் நந்தினிதான், முகம் பார்த்துப் பேசலாம் என்று ஒரு பெரிய போனை வாங்கி என் தலையில் கட்டினாள். ஒருமுறை ஊழியர் குடும்பங்களைச் சுரங்கம் காட்ட அழைத்துப் போனார்கள். வாழ்நாளில் முதல் தடவை அவர் வேலை செய்யும் குழியைப் பார்த்தேன். மலைத்துப்போய் ஒரு போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து அடுக்களையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இது இந்த இடத்தில் எடுத்ததா என்று போன் கேட்டது. இந்தப் போன் கேட்காத கேள்வி உண்டா? உன் போட்டோவைப் பார்க்கலாமா, உன் பேச்சைக் கேட்கலாமா, நீ எங்கே போகிறாய் என்று தெரிந்துகொள்ளலாமா என்று பெண் பார்க்க வந்த வீட்டார்கூடக் கேட்காததையெல்லாம் கேட்கும். 'ஆமாம்' என்பது நீல நிறத்தில் சோப்புக்கட்டி அளவுக்கு இருக்கும். 'வேண்டாம்' என்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டும். தொலைந்து போ என்று நீலத்தை அமுக்கினேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் அமுக்குகிறார்கள். அந்தச் சுரங்கப் போட்டோவுக்கு அதுவே ஒரு பெயரும் வைத்து, மேப்பில் எங்கள் வீட்டின்மேல் குத்திவிட்டது.

வெள்ளைக் காருக்குப் பிறகு சிதம்பரம் போகிறவர்கள், வேளாங்கண்ணி போகிறவர்கள், கல்லூரிப் பையன்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். நானும் சளைக்காமல் திட்டினேன். ஒருநாள் நந்தினி பெங்களூரிலிருந்து சிரிப்பை அடக்க முடியாமல் கூப்பிட்டாள். வந்து போனவர்கள் எங்கள் வீட்டைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினாள். சுரங்கம் தெரியவில்லை, ஆனால் அங்கே இருக்கும் அம்மா உரிமையோடு திட்டிவிட்டு மோர் கொடுக்கிறார், கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் என்று ஒருவர் எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். திட்டு பிரமாதம், மோரில் உப்பு குறைவு என்று இன்னொருவர். மோரினால்தான் வருகிறார்கள் என்று மோரை நிறுத்தினேன். முன்புபோல் கவனிப்பதில்லை என்று ஒருத்தி நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டாள். அதைக் கேட்டு எனக்கு ரோஷம் வந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

சிரிப்பெல்லாம் ஒரு காலையோடு போயிற்று. ஷிப்ட் முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. என்ன என்று கேட்டேன்.

"கண்ணு சொருகிடுச்சி அம்சா. ஒரு நிமிஷம்தான். பக்கத்துல இருந்தவன் கத்தலன்னா மிஷின் எங்க போயிருக்குமோ தெரியல. கீழ ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க."

அந்த இயந்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். கீழே நிற்கிற மனிதன் எவ்வளவு சின்னதாகத் தெரிவான் என்பதையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே இந்தக் குறியைப் பிடுங்கிப் போடுவது என்று முடிவு செய்தேன்.

இந்த டவுன்ஷிப்பில் குழாய் ஒழுகினால் போய்ச் சொல்ல ஒரு ஆபீஸ் உண்டு. அங்கே ஒரு மேஜை உண்டு, மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள் உண்டு. இரண்டு தடவை சத்தம் போட்டால் மூன்றாம் தடவை யாராவது ஸ்பேனரோடு வருவார்கள். உலகத்தையே வரைந்து வைத்திருக்கும் இந்த மேப் கம்பெனிக்கு ஒரு மேஜை இல்லை. போன் கம்பெனிக்கே ஒரு போன் நம்பர் இல்லை. சண்டை போடக்கூட ஒரு ஆள் வேண்டாமா? நந்தினி சொன்னபடி 'இந்த இடம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். உங்கள் உதவிக்கு நன்றி, சரிபார்த்துவிட்டோம், இந்த இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. இருக்கிறதாம். அங்கேயே உட்கார்ந்து எழுதுகிற என்னிடம் சொல்கிறான்.

மறுபடி மறுபடி அனுப்பியதில் ஒரு வழி சொன்னார்கள். உரிமையாளர்தான் இடத்தை மூட முடியுமாம். சரி, நானே உரிமையாளர் என்று பதிவு செய்தேன். அப்படியானால் பெயர்ப் பலகையோடு வாசலை வீடியோ எடுத்து அனுப்பு என்றது. இல்லாத கடையை மூடுவதற்கு முதலில் போர்டு மாட்ட வேண்டும். வாஷிங் மிஷின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, 'மைன்ஸ் வியூ பாயிண்ட்' என்று கரியால் எழுதி, வேப்பமரத்தில் கட்டி, பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாள் எனக்கு வாழ்த்துச் சொல்லி, குறிக்குப் பக்கத்தில் ஒரு நீல டிக் போட்டுக் கொடுத்தார்கள். ஓடிப்போய் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதை அமுக்கினேன். சாயங்காலமே பதில் வந்தது: உங்கள் வாடிக்கையாளர்கள் இடம் திறந்திருப்பதாகச் சொல்கிறார்கள், எனவே மீண்டும் திறந்துவிட்டோம். நீல டிக்கைப் பார்த்து அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்தது.

குறியை நகர்த்த முடியாவிட்டால் வீட்டை நகர்த்திவிடலாம் என்று அவர்தான் சொன்னார். குவார்ட்டர்ஸில் இரண்டு ஊழியர்கள் சம்மதித்தால் வீட்டை மாற்றிக்கொள்ளலாம். மியூச்சுவல் என்பார்கள். இந்த வீட்டை யார் கேட்பார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் அவரோடு வேலை பார்க்கும் குஞ்சிதபாதம் கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொண்டார். அவர் வீடு வேறொரு பிளாக்கில், தெருக்கோடியில், காய்க்கிற மாமரத்தோடு இருந்தது. அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டு சந்தைக்கடை மாதிரி இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்கிறாரே, மனுஷனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நான் உருகிப்போனேன். கார் தொல்லையைப் பற்றி எச்சரித்தேன். பரவாயில்லை தங்கச்சி, எனக்கு மனுஷங்க வந்து போனா பிடிக்கும் என்றார். அவர் மனைவி செவ்வந்திக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

புது வீட்டில் என் வீட்டுக்காரர் தூங்கினார். அப்படி ஒரு தூக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுப்ப மனசில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அந்த வாரம் முழுக்க ஒரு கார் வரவில்லை. ஷிப்டுக்குப் போகும்போது விசில் அடித்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் போன் 'டிங்' என்றது. நீங்கள் புது இடத்தில் தங்குவதைக் கவனித்தோம், உங்கள் மைன்ஸ் வியூ பாயிண்ட்டின் முகவரியை மாற்றிவிட்டோம், சிரமப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கே படுக்கிறேன் என்று ராத்திரியெல்லாம் அது பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. வாசலில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

வந்தது கார் இல்லை, மொபெட்டில் குஞ்சிதபாதம். முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒரு சாக்கு. கோபத்தில் மீசை துடித்தது. உள்ளே தூங்குகிறார், மெதுவாகப் பேசுங்கள் என்று கெஞ்சினேன். குரலைத் தணித்துக்கொண்டாரே தவிர கோபத்தைத் தணிக்கவில்லை.

"இன்னா தங்கச்சி, வூட்டத்தான மாத்திக்கிறதுன்னு பேச்சு? பாயிண்ட்டையும் கையோட எடுத்துக்கினு வந்துட்டீங்களே."

சாக்கைப் பிரித்துக் காட்டினார். உள்ளே வறுத்த முந்திரிப் பருப்பு, பாக்கெட் பாக்கெட்டாக. வருகிற கூட்டத்துக்கு விற்கலாம் என்று செவ்வந்தி தன் மாமனார் தோப்பிலிருந்து வரவழைத்து, ராப்பகலாக வறுத்திருக்கிறாள். முதல் சில நாட்கள் நன்றாகப் போயிருக்கிறது. அப்புறம் ஒரே நாளில் கூட்டம் நின்றுபோய்விட்டது. பெரிய மனசாம். என் உருக்கமெல்லாம் வீண். அட பாவி மனுஷா, மாமரத்தை விட்டுக்கொடுத்தது இதற்குத்தானா என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புத்தியில் பட்டது. குறி வீட்டைப் பார்த்து உட்காரவில்லை, போன் எங்கே படுக்கிறதோ அங்கே வந்து உட்காருகிறது.

உள்ளே போய்ப் போனை எடுத்தேன். சிம்மை மட்டும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். போனைக் குஞ்சிதபாதத்தின் கையில் வைத்து, அதைத் திறக்கும் நம்பரையும் சொல்லி, உங்கள் வீட்டில் வைஃபை இருக்கிறதல்லவா, அதில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குங்கள், பாயிண்ட் தானாக வந்துவிடும் என்றேன். அவர் வாங்கத் தயங்கினார். முந்திரி விற்க வந்த மனுஷனுக்கு அதில் ஒரு கூச்சம் இருந்தது.

"இதுல உன் போட்டோ இருக்கும், குடும்பப் பேச்சு இருக்கும். அடுத்தவன் கையில குடுக்கலாமா தங்கச்சி?"

"நான் எப்ப தூங்கறேன், எங்க போறேன், எவ கூட சண்ட போடறேன்னு மூஞ்சி தெரியாத ஒருத்தனுக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சிண்ணே. நீங்க தெரிஞ்ச மனுஷன். நீங்களும் தெரிஞ்சிக்கினு போங்க."

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு பாக்கெட் முந்திரியை என் முறத்தில் போட்டுவிட்டுப் போனார். மொபெட்டை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார். நான் வாசலில் நின்றேன். இனி பழைய பட்டன் போனில் நந்தினியின் குரலைத்தான் கேட்க முடியும், முகத்தைப் பொங்கலுக்கு வந்தால்தான் பார்க்க முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே அவர் புரண்டு படுத்துக் குறட்டை விடும் சத்தம் கேட்டது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சட்னி அரைக்க அம்மியைக் கழுவினேன்.