நின்ற காருக்கு மஞ்சள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினேழு ஜாக்கெட்டுகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், எங்கள் காரின் வலது பக்கப் பின்கதவு உள்வாங்கிக் கிடந்தது. கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம். அங்கிருந்து பின்சக்கரம் வரைக்கும் கீறல். இடித்தவனைக் காணோம். ஒரு சீட்டில் போன் நம்பரையாவது எழுதி வைத்திருப்பானா என்று கண்ணாடியில் தேடினேன். அந்த மரியாதையெல்லாம் அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

முதலில் வந்தது கோபம். அப்புறம்தான் பயம் வந்தது. பயம் கதவுக்காக இல்லை, சாவிக்காக.

என் வீட்டுக்காரர் உக்கிரபாண்டி ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்ததும் எங்கள் ஊர் ராஜபாளையத்தில் இந்தப் பழைய காரை வாங்கினார். நானும் ஓட்டிப் பழகுகிறேன் என்றபோது வீடே சிரித்தது. மூன்று டெஸ்டில் தோற்று நாலாவதில் லைசென்ஸ் வாங்கினேன். சாவியைக் கையில் கொடுக்கும்போதே, "ஒத்தக் கீறல் விழுந்தாலும் சாவி எங்கிட்ட வந்துரணும்" என்று சொல்லிவிட்டார். சாம்பாரில் உப்பு கூடினாலே விசாரணை வைக்கிற மனுஷன். சொன்னால் சொன்னதுதான்.

கார் வருவதற்கு முன்னால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துணி மூட்டையோடு பஸ் ஏறி, கண்டக்டரிடம் ஏச்சு வாங்கி, கூமாப்பட்டியில் நாலு பேருக்கு அளவு எடுத்து வர ஒரு முழு நாள் போய்விடும். இந்தப் பதினோரு மாதமாகக் காலையில் கூமாப்பட்டி, மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர், பொழுது சாய்வதற்குள் வீடு. யாரையும் கேட்க வேண்டாம், யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

காருக்கு எதிரே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த சுடலையம்மாள் அக்கா நடந்ததைப் பார்த்திருக்கிறார்.

"லோடு ஆட்டோ தாயி. எதுக்க பஸ் வந்துச்சா, இவன் ஒதுங்குதேன்னு உன் வண்டி மேல ஒரே சாத்து. 'ஏலே, நில்லுலே'ன்னு கத்துனேன். காதுலயே வாங்கல."

"நம்பரப் பாத்தீங்களாக்கா?"

"மூட்டை தொங்கி நம்பர மறச்சிருச்சே. நான் என்ன செய்ய?"

எங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஜேசுதாசனுக்கு போன் போட்டேன். தம்பி பதறாமல் சொன்னார்: "வண்டிய நகத்தாதீங்கக்கா. மொதல்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க. பக்கத்துக் கடையில கேமரா இருக்கான்னு கேளுங்க. பொறவு ஸ்டேஷன்ல மனு குடுத்து ரசீது வாங்கிருங்க. கம்பெனி ஆள் வந்து பாக்குறதுக்கு முன்னாடி ஒர்க்ஷாப்ல மட்டும் விட்டுராதீங்க." எல்லாவற்றையும் ஜாக்கெட் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

எழுதியதை வரிசையாகச் செய்திருக்க வேண்டும். அவசரக்குடுக்கை நான், போட்டோவை விட்டுவிட்டுக் கேமராவைத் தேடிப் பாத்திரக்கடைக்கு ஓடினேன். அந்தக் கேமரா கடை வாசலில் அடுக்கியிருந்த அண்டாக்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் பள்ளம் முழுக்க மஞ்சள். சுடலையம்மாள் அக்கா மஞ்சளைக் கரைத்துக் கதவில் அப்பி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமமும் வைத்துவிட்டார்.

"கண்ணு பட்டுருக்கு தாயி. எம்புட்டுப் பேரு பாக்குற வண்டி! இனி ஒண்ணும் அண்டாது."

கத்தத்தான் வாய் திறந்தேன். கை என்னைக் கேட்காமல் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டது. நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே. அந்தக் கோலத்திலேயே நாலு போட்டோ எடுத்தேன்.

பிறகு வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "நான் கல்யாண வீட்டுக்குள்ள இருந்தேன். வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்று மூன்று தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவர் "அங்கயே நில்லு. வாரேன்" என்று வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்கினார். மஞ்சளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னட்டி இது? சாட்சிய முழுகாட்டி வச்சிருக்க?"

அவர் கையை நீட்டினார். "சாவி."

கொடுத்தேன். முடிந்தது கதை, நாளையிலிருந்து பஸ்தான் என்று நினைத்தேன்.

அவர் கதவைத் திறந்து ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். கியரை ஆட்டிப் பார்த்தார். "கல்லு வச்சியா?" என்றார்.

ராணுவத்தில் லாரியை எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டுமாம். ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னாலேயே எனக்கு அதைத்தான் சொல்லித் தந்தார். கடைத்தெருவில் நான் குனிந்து கல் வைப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. "வச்சேன்" என்றேன்.

நடுத்தெரு என்றும் பார்க்காமல் மனுஷன் தரையில் படுத்துக் காருக்கு அடியில் தலையைக் கொடுத்தார். ஆட்டோ இடித்த வேகத்தில் பின்சக்கரத்தோடு சேர்ந்து கல்லும் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. அது இழுபட்ட இடத்தில், தாரின் மேல் நாலு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. அதை விரலால் அளந்து பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"வண்டி நின்னுருக்கு" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரை அங்கேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழியில் ஜேசுதாசன் அவருக்கு போன் போட்டார். குரல் எனக்கும் கேட்டது. "அண்ணே, வண்டி உங்க கையில இருந்ததாவே சொல்லிருங்க. அக்கா லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகல. உங்க பேருன்னா குறுக்குக் கேள்வி கேக்காம முடிச்சிருவாங்க."

"அப்படியே சொல்லிருங்க" என்று நானும் மெதுவாகச் சொன்னேன். பிரச்சினை முடிந்தால் போதும் என்று இருந்தது. அவர் போனை வைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

ஸ்டேஷனில் எழுத்தர் என் போனில் போட்டோவைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, காருக்குச் சடங்கு கழிச்சீங்களா?" பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, மிலிட்டரி என்று சொல்லிக்கொண்ட என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். "வண்டிய ஓட்டிட்டு வந்தது நீங்கதானண்ணே? பேரு சொல்லுங்க."

வீட்டுக்காரர் சொன்னார்: "ஓட்டிட்டு வந்து நிறுத்துனது இவ. பேரு முனீஸ்வரி."

"இல்லண்ணே, மிலிட்டரிக்காரர்ங்கிறீங்க. உங்க பேருலயே போட்டா..."

"பட்டாளத்துல ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டைரி உண்டு சார். ஓட்டுனவன்தான் கையெழுத்துப் போடணும். இருபத்திரண்டு வருஷத்துல நான் ஓட்டாத வண்டிக்கு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்ல. இவ பேர எழுதுங்க. முறையா நிறுத்தியிருந்தான்னும் எழுதுங்க."

"அதெல்லாம் தேவையில்லண்ணே."

"எனக்குத் தேவை இருக்கு. எழுதுங்க."

எழுத்தர் எழுதினார். 'முனீஸ்வரி என்பவரால் முறையாக நிறுத்தப்பட்டிருந்த கார்' என்று சீல் வைத்த ரசீது என் கைக்கு வந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் என் சமையலையோ தையலையோ ஒரு வார்த்தை பாராட்டாத மனுஷன், போலீஸ் ஸ்டேஷனில் வைத்து என்னைப் பாராட்டிவிட்டார்.

காருக்குத் திரும்பி வந்தோம். சாவி இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று எனக்குள்ளே ஒரே போராட்டம். அவர் நேராக இடது பக்கம் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கதவத் தொறட்டி. வெயில் மண்டையப் பொளக்குது."

"சாவி உங்ககிட்டல்லா இருக்கு!"

பையைத் தடவிப் பார்த்து, எடுத்து, காரின் மேலே தூக்கிப் போட்டார். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுத்தேன். சக்கரத்துக் கல்லையும் எடுத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

ராஜபாளையம் வரைக்கும் அவர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார்.