பதினெட்டாம் எண்

அந்த வீட்டுப் பெண்கள் கேட்கவே கூடாதென்று சொல்லி வைத்திருந்ததை ரீனா கேட்டுவிட்டாள். "எனக்கும் நம்பர் போடுங்க, துரைத் தாத்தா."

இடியாப்பம் பிசைந்துகொண்டிருந்த ஜெர்மன் இளவரசரின் கை நின்றது. எட்டு ஊரும் ஒரு மாவு மில்லும் இருந்த சமஸ்தானம் கைவிட்டுப் போனபின் திண்டுக்கல் வந்து, வேதக்காரக் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டி, சாக மறந்துபோனவர். நூற்றுமுப்பது வயது. அவர் குலத்தில் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர், பிறந்த வரிசைப்படி எண். சிலுவைமுத்து, ஸ்டீபன்ராஜ் என்பதெல்லாம் ஊருக்கு. காலம் வரும்போது இளவரசர் எண்ணைக் கூப்பிடுவார். அதற்குரியவன் "வந்துட்டேன்" என்று நடுவீட்டுக் காலிப் படச்சட்டத்தின் முன் நிற்பான், அப்படியே எண்ணெய் ஓவியமாகிவிடுவான். ஒருவன் போகாமல் அடுத்தவனைக் கூப்பிடும் வழக்கமில்லை. ஒன்றாம் எண் இளவரசரே; சுவரில் இரண்டு முதல் பதினேழு வரை பதினாறு படங்கள். கடைசிப் படம் ரீனாவின் அப்பா ஸ்டீபன்ராஜ், லுங்கியும் கையில் பாதி வடையுமாக. அம்மா கிளாரா சனிக்கிழமைதோறும் துடைப்பாள். மழைக்காலத்தில் வடை ஊசிப்போன வாடை வரும். பங்குச்சாமியார் ஒரு பூசை வைத்தார், ரேஷன் கார்டில் பெயர் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது தம்பி ராபினின் முறை, பதினெட்டாம் எண். திங்களன்று காலிச் சட்டத்துக்குள் அவனுடைய நீலச் சட்டை தானாக வரையப்பட்டிருந்தது. புதனன்று அவன் சுண்டுவிரல் தாள்போலத் தட்டையாகி வார்னிஷ் வாடை அடித்தது. ரீனா தொட்டுப் பார்த்தாள்.

"ஓடிருடா."

"எப்படிக்கா? கூப்பிட்டா போகணும்ல. அப்பாவே போனாரு."

அதனால்தான் கேட்டாள். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "வாயை மூடுடி, சனியனே!"

"அவனுக்கு ரெண்டு வருசம் மூத்தவ நான். இந்த வீட்லயே டிகிரி முடிச்சது நான் ஒருத்தி. எனக்கு நம்பர் இல்ல, ஏழு அரியர் வச்சிருக்கவனுக்கு உண்டாக்கும்?"

இளவரசர் புரையேறச் சிரித்தார். "பொட்டப்புள்ளைக்கும் படத்துல நிக்க ஆசை வந்துருச்சா! இருக்கட்டும்." குலப் புத்தகத்தை எடுத்து ராபினைப் பத்தொன்பதாக்கி, ரீனாவைப் பதினெட்டில் எழுதினார். சட்டத்துக்குள் நீலம் கரைந்து அவளுடைய பச்சைத் துப்பட்டா வந்தது. ராபினின் விரல் பழையபடி உருண்டு திரண்டது. அவள் விரல் சில்லிட்டுத் தட்டையாகத் தொடங்கியது.

"பதினெட்டு!"

இளவரசர் கூப்பிட்டுவிட்டார். "வந்துட்டேன்" என்று ரீனாவின் நாக்கு தானாக எழுந்தது. ரத்தம் வரக் கடித்து அதை அடக்கினாள்.

"வரல. நான் வராம பத்தொன்பதையும் கூப்பிட முடியாதுல்ல, தாத்தா?"

நூறு வருஷத்தில் யாரும் வரமாட்டேன் என்றதில்லை. இளவரசர் புத்தகத்தைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீ போற எடத்துக்கெல்லாம் சட்டம் வரும், ஆத்தா. தினம் கூப்பிடுவேன்."

வரும் என்று அவளுக்குத் தெரியும். எந்த ஊரில் எந்த அறை எடுத்தாலும் சுவரில் ஓர் ஆணி காத்திருக்கும். காலையிலேயே கட்டி வைத்திருந்த பையைத் தோளில் போட்டு, செருப்பை மாட்டினாள். ஆணி இருந்தால் பையை மாட்டிக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் இரண்டாம் முறை எண் கேட்டது. அவள் வாசல் இறங்கி நிலக்கோட்டை பஸ்ஸுக்கு நடந்தாள்.