இடது மவுண்டிங்

"அம்மா, அத்தா விரல்ல ரப்பர் சொல்யூஷன் காஞ்சு ஒட்டியிருக்கு. எவ்ளோ தேச்சும் வர்ல. தோல்ல தண்ணி படாம குளிப்பாட்டினா செல்லாதுன்றாங்க."

கொல்லைக் கதவைப் பாதி திறந்து ஆசிப் நின்றான். முழங்கை வரை ஈரம். அவனுக்குப் பின்னால், துணி மறைப்புக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது.

"பெட்ரோல்ல தொடச்சா வந்துடும். இரு, எடுத்தாறேன்." பரீதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டை ஒட்டியே பட்டறை. நேற்று மதியம் அவள் கணவர் ஜமால் சுருண்டு விழுந்து உயிர்விட்ட இடத்தில் அந்தப் பழைய லாரி பானெட்டைத் திறந்தபடி நின்றது. அவருடைய அத்தா ஓட்டியது. அதன் எஞ்சின் செத்து, வேறொரு லாரியின் எஞ்சினைக் கொண்டுவந்து ஒரு வருஷம். புதியதன் கால்கள் பழைய சேஸில் உட்காரவில்லை. அதைத் தாங்க முதலில் வெறும் இரும்பில் மவுண்டிங் அடித்தார். வண்டி மொத்தமும் உதறியது. வெட்டிப்போட்டுவிட்டு ரப்பர் வைத்து அடித்தார். எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்தது. "ஒரு நூல் நகர்ந்தாலும் தப்பு பரீதா," என்பார், சோற்றைப் பிசைந்தபடி.

"எங்கண்ணன் லாரியத்தான் நிக்காஹ் பண்ணிருக்கு மச்சி. நீங்க சும்மா கூட இருக்கீங்க," என்று நாத்தனார் இஃப்ஃபத் சொல்வாள். பரீதாவும் சிரித்திருக்கிறாள்.

பெட்ரோல் கேன் அலமாரிக்கு அடியில் இருந்தது. குனிய முடியாமல் சுவரைப் பிடித்தபோது, ஆணியில் மாட்டியிருந்த அளவு அச்சு கையில் பட்டது. இதை வைத்துத்தான் இரும்பில் கோடு போடுவார். வழக்கமாக அட்டையில் வெட்டுவார். இது வழவழவென்று கருநீலமாக இருந்தது. நாலு போல்ட் ஓட்டை. வெள்ளை பெயின்ட்டில் 'இடது. சரி.'

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதுகெலும்பு. மூலையில் அவள் பெயர், வயது.

பழைய எக்ஸ்ரேவையும் பார்த்தால்தான் எலும்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும், ஆபரேஷனை அப்புறம் யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம். "எங்கயோ வச்சுத் தொலச்சுட்ட. ஒனக்கு மறதி ஜாஸ்தி," என்றார் ஜமால். ஸ்டூலில் ஏறி பீரோவுக்கு மேலேகூடத் தேடினார். தூசியில் தும்மியவருக்கு அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கேனை ஆசிப்பிடம் நீட்டினாள். படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து கூடத்தில் கிடத்தினார்கள். வாசலில் தூக்கிப்போகும் சந்தூக் பெட்டி காத்திருந்தது.

"மச்சி, தூக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க," என்றாள் இஃப்ஃபத். "குத்தம் கொற எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன்னு. அண்ணன் பாரமில்லாம போவட்டும்."

பரீதா அந்த முகத்தைப் பார்த்தாள். ஸ்டூல் மேலிருந்து, "இங்கயும் இல்லியே," என்று குனிந்த முகம்.

"ஒரு வார்த்தைதான் மச்சி."

அவள் முந்தானையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். கூடம் முழுக்கக் காத்திருந்தது.

"பாவம், தொண்ட அடைச்சுக்கிச்சு," என்று இஃப்ஃபத் மற்றவர்களிடம் திரும்பினாள். "மனசுல சொல்லிட்டாங்க. தூக்குங்க."

ஆண்கள் தூக்கினார்கள். பெண்கள் வாசல்வரை போய் நின்றார்கள். பரீதா இருந்த இடத்திலேயே இருந்தாள். முந்தானைக்குள் அவள் சுண்டுவிரல் ஒரு போல்ட் ஓட்டைக்குள் நுழைந்து சுற்றி வந்தது. வட்ட அரம் போட்டுத் தேய்த்திருந்தார். பிசிறே இல்லை.