உடைக்காமல் இறக்கணும்

லிடியா ஜீப்பை விட்டு இறங்கும்போதே சம்மட்டிச் சத்தம் கேட்டது. அந்த வேலையில் கேட்கவே கூடாத சத்தம்.

வெள்ளிமலையில் ஒரு மாணவர் விடுதியின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றிவிட்டுத் தகரம் போடும் வேலை. லிடியா அதற்கு ஓவர்சியர். மணலூர்பேட்டைக்காரி. முதல் நாளே ஆட்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள்.

"இந்த ஷீட்டுல கல்நாரு இருக்குது. ஒடஞ்சா கண்ணுக்குத் தெரியாத தூசு பறக்கும். நெஞ்சுக்குள்ள போச்சுன்னா வெளிய வராது. இருவது முப்பது வருசம் கழிச்சு மூச்சப் புடிக்கும், புத்துநோயாக்கூட வரும். அதனால மொதல்ல தண்ணி அடிச்சு நனைக்கணும். ஸ்பானர் போட்டு போல்ட்டக் கழட்டணும். ஒடைக்காம முழுசா எறக்கி பிளாஸ்டிக்ல சுத்திக் கட்டணும். மாஸ்க்கு இல்லாம யாரும் கிட்ட வராதீங்க."

மூன்று நாள் அப்படித்தான் நடந்தது. ஆனால் துருப்பிடித்த போல்ட்டுகள் லேசில் கழலவில்லை. நாளுக்கு எட்டு ஷீட்தான் இறங்கியது. பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தது. கான்ட்ராக்டர் போனில் திட்டத் திட்ட மேஸ்திரி பொன்னுரங்கத்துக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. நான்காம் நாள் லிடியா ஒரு கூட்டத்துக்காகக் கள்ளக்குறிச்சி போய்விட்டாள். ஐந்தாம் நாள் காலை திரும்பினால் இந்தச் சத்தம்.

விடுதியைச் சுற்றி வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. சாரத்துப் பலகையில் நின்று அய்யனார் சம்மட்டியால் ஷீட்டை உடைத்துக்கொண்டிருந்தான். கீழே அவன் மனைவி செவ்வந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, உடைந்த தூளைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் பக்கத்துக் கிராமம். சாமை விதைக்கும் வரை கிடைத்த கூலி வேலை இது.

"நிறுத்துங்க! அய்யனாரு, கீழ எறங்குங்க!"

அய்யனார் சம்மட்டியைத் தாழ்த்தினான்.

"நீ ஒடைடா," என்றான் பொன்னுரங்கம். பிறகு லிடியா பக்கம் திரும்பினான். "இன்னா மேடம், குளிப்பாட்டி குளிப்பாட்டி எறக்கிக்கினு இருந்தா வேல எப்ப முடியும்? நாங்கூட இருவது வருசமா ஒடைக்கிறேன். செத்தா பூட்டேன்?"

"இனிமே நனைக்காம ஒரு ஷீட்டு எறங்குச்சுன்னா வேலைய நிறுத்தி எழுதிடுவேன்."

அய்யனார் இறங்கி வந்தான். தலைமுடியும் புருவமும் வெளுத்திருந்தன. "நேத்தே சொன்னேங்க. கேக்க மாட்டன்னுட்டாரு," என்றான். சொல்லி முடிப்பதற்குள் பொன்னுரங்கத்தின் கை அவன் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது.

லிடியா ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, ரப்பர் ஹோஸைத் தூக்கிக் குவியல் மேல் தண்ணீர் அடித்தாள். பொன்னுரங்கம் ஹோஸைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். அவள் விடவில்லை. ஷீட் துண்டுகள் மேல் முட்டி தேய இழுபட்டாள். அவன் தன் இடுப்பிலிருந்த ஸ்பானரை உருவி அவள் நெற்றியில் ஒரு போடு போட்டான். ரத்தம் இடது கண்ணை மூடியது.

அய்யனார் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டினான். பொன்னுரங்கம் பலசாலி. திமிறித் தள்ளி, கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தான். தரையில் ஊன்றியிருந்த அய்யனாரின் வலது கையில் அது இறங்கியது. விரல்கள் நொறுங்கியது செவ்வந்தி நின்ற இடம் வரை கேட்டது. அய்யனார் அலறிய அலறலில் மற்ற ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கடப்பாரை மறுபடி மேலே போனபோது செவ்வந்தி மண்வாரியால் பொன்னுரங்கத்தின் தோளில் அடித்தாள். கடப்பாரை நழுவியது. அவன் முட்டிபோட்டு உட்கார்ந்தான். "வேணாம்மா," என்று ஒரு கையைத் தூக்கினான். அவள் அந்தக் கையின் மேலேயே இன்னொரு முறை அடித்தாள். எலும்பு தோலைக் குத்திக்கொண்டு தெரிந்தது. மூன்றாவதாக ஓங்கினாள். இப்போது குறி தலை.

லிடியா குறுக்கே விழுந்தாள்.

"வுடுங்க மேடம்! எம் புருசன் கை போச்சு!"

"இவன் செத்தா நீ ஜெயிலோட பூடுவ. போடு அத கீழ. போடுன்னு சொல்றேன்!"

மண்வாரி கீழே விழ வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

லிடியா முதலில் செய்தது ஆட்களுக்குப் புரியவில்லை. ரத்தம் வடிய வடிய ஹோஸை எடுத்து, அடித்தவள், அடிபட்டவர்கள், தான் எல்லார் மேலும் மெதுவாகத் தண்ணீர் விட்டாள். "யாரும் துணிய ஒதறாதீங்க. ஈரத்தோடவே மாத்தணும். வூட்டுக்கு இத கட்டிக்கினு போவாதீங்க," என்றாள். அதற்குப் பிறகுதான் அடிபட்ட இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மலை வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே கத்தினார்கள்.

லிடியாவுக்கு ஏழு தையல். மாலையில் மேலதிகாரி போன் செய்தார். "நீ சாரத்துலேர்ந்து வழுக்கி விழுந்ததா எழுதிடும்மா. அந்தப் பொம்பள அடிச்சதோட கேஸு முடிஞ்சிரும். ஷீட்டப் பத்தி எதுக்கு?"

அவள் ஸ்டேஷனில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். நனைக்காமல் உடைத்தது, ஸ்பானர், கடப்பாரை, மண்வாரி எல்லாம். இரண்டாவது அடிக்கு வந்ததும் பேனா நின்றது. முதல் அடி புருஷனைக் காப்பாற்ற அடித்தது; இது பொன்னுரங்கம் வேண்டாமென்று கை தூக்கிய பிறகு விழுந்தது. எழுதாமல் விட்டால் கேட்பார் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பொய்யைப் பிடித்தால் ஷீட்டைப் பற்றி எழுதியதும் பொய்யாகிவிடும் என்று நினைத்தாள். அதை விடவும், அந்தக் கை அவள் கண்முன் நின்றது. எழுதினாள்.

பொன்னுரங்கத்தைக் கைது செய்தார்கள். செவ்வந்தியையும் கைது செய்தார்கள். கூரை வேலை நின்றது. பள்ளி ஒரு மாதம் தள்ளித் திறந்தது. பிள்ளைகள் வருவதற்குள் தூளை ஈரத்தோடு அள்ளி, இரட்டைப் பையில் கட்டி, சுவரையும் தரையையும் மூன்று முறை துடைத்தார்கள். லிடியா கூடவே நின்றாள். அய்யனாரின் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. கலப்பை பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கைதான பதினோராம் நாள் செவ்வந்திக்கு ஜாமீன் கிடைத்தது. சிறை வாசலில் லிடியா ஜீப்போடு காத்திருந்தாள்.

"ரெண்டாவது அடிய நீங்கதான் எழுதுனீங்களாமே?"

"ஆமா. எழுதுனேன்."

"தடுக்காம இருந்திருந்தா அவன் செத்திருப்பான். எழுதாம இருந்திருந்தா நான் உள்ள போயிருக்க மாட்டேன். எதுக்கு உங்கள கும்புடறது, எதுக்கு ஏசறதுன்னே தெரியல."

லிடியா ஜீப்பின் முன் கதவைத் திறந்துவிட்டாள். செவ்வந்தி அதைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் போய் ஏறி, தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

"போலாம் மேடம்," என்றாள். "அவரு சோறு பெசஞ்சி துன்ன முடியாம கெடப்பாரு."