முதலாளி ஆவுடையப்பனும் விடுப்புக் கேட்ட ஆவுடையப்பனும்

1984 மே 16, புதன்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். திண்டுக்கல் வானில் மேகம் இல்லை. காற்று அடுப்பின் வாயிலிருந்து வருவதுபோல் வந்தது. எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் தன் கடையில், ஆவுடையப்பன் மேசைக்கு இப்பால் நின்று விடுப்பு விண்ணப்பம் எழுதினான்; பிறகு அப்பால் சென்று, நாற்காலியில் அமர்ந்து, அதைப் படித்தார்.

நூற்பாலையில் வேலை பார்த்த காலத்தில் விடுப்பு எளிதாகவே கிடைத்தது. சொந்தக் கடை வைத்த பிறகுதான் முதலாளி என்றால் யார் என்று அவனுக்குத் தெரிந்தது. காய்ச்சலிலும் கடை, பொங்கலன்றும் கடை. இப்போது தங்கை ராமுத்தாயின் மகளுக்கு நாளை சாணார்பட்டியில் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். வேறு மடி செல்லாது.

“காரணம் சரிதான். ஆனா இது சீசனாச்சே,” என்றார் முதலாளி ஆவுடையப்பன்.

தொழிலாளி ஆவுடையப்பன் எழுந்து இப்பால் ஓடிவந்தான். “வருசம் பூராவும் சீசன்தானுங்க.”

ரெட்டியார்சத்திரத்து நாச்சிமுத்து, எரிந்த மோட்டாரோடு வாசலில் நின்றார். “ஏலே, யாருகிட்டப் பேசிக்கிருக்க?”

“முதலாளிகிட்டண்ணே. லீவு கேக்குறேன்.”

நாச்சிமுத்து வெறும் நாற்காலியைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“அய்யா, இந்தப் பயலுக்கு லீவு குடுத்துறாதீக. மல்லிகைச் செடி கருகுது. நாளைக்குத் தண்ணி பாய்ச்சலைன்னா என் பொழப்பே போயிரும்.”

இம்புட்டு மரியாதை ஆவுடையப்பனுக்கு இதுவரை கிடைத்ததில்லை. உடனே அப்பால் சென்று, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினார். எழுதிய மறுகணமே குழந்தையின் நினைவு வந்து அவர் கண் கலங்கியது.

சோற்றுத் தூக்குடன் வந்த மனைவி காளியம்மாள் விண்ணப்பத்தைப் படித்தாள்.

“யாரு நிராகரிச்சது?”

“முதலாளி.”

“வெளிய போர்டுல என்னங்க போட்டிருக்கு?”

காளியம்மாள் மோட்டார் ஒர்க்ஸ். அவன் ராசி சரியில்லை என்று ஜோசியர் சொன்னதால், கடையின் உரிமத்தை அவள் பெயரில் எடுத்திருந்தார்கள்.

“ஆறு வருசமா யாரு நாற்காலியில உக்காந்திருக்கீக? எந்திரிங்க.”

எழுந்தான். அவள் அமர்ந்தாள். நாச்சிமுத்து துண்டோடு அவள் பக்கம் திரும்பினார். “தாயி, மல்லிகை...”

“மூலையில நல்ல மோட்டார் ஒண்ணு சும்மாத்தான கிடக்கு? அதக் கொண்டுபோய் மாட்டிக்கங்கண்ணே. வெள்ளிக்கிழமை உங்களுது தயாரா இருக்கும்.” பிறகு கணவனிடம், “இது உங்களுக்குத் தோணலையா?”

“முதலாளி சொத்து. கேக்காம எப்படி எடுக்குறது?”

காளியம்மாள் பேனாவைத் திறந்தாள். அவள் நிதானமாக எழுதி முடிக்கும்வரை அவன் கைகட்டி நின்றான். ‘ஒரு நாள் விடுப்பு வழங்கப்படுகிறது. உரிமையாளரும் உடன் வருவதால் கடை அடைக்கப்படும்.’ கீழே கையெழுத்திட்டு, மை காய ஊதி, அவனிடம் நீட்டினாள்.