இரண்டாவது ஊசிக்கான அட்டை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பூனைக்குட்டியால் வந்தது. போன மாதம் சட்டைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். தையற்காரர் வீட்டு அக்கா, மேசைக்கு அடியில் துணித் துண்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு சாம்பல் நிறக் குட்டியைக் காட்டி, வளர்க்க ஆசையாக இருக்கிறது, அவரும் பெண்ணும் விடமாட்டேன் என்கிறார்கள் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"எனக்குத்தான் மறதியாச்சே தம்பி. ஊசித் தேதிய விட்டுடுவேனாம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கு மறதி கிடையாது. இது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மறதியை அவர் தலையில் கட்டியவனே நான்தான்.

[முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டால் கதை எப்படி நிற்கும்? நிற்காவிட்டால் போகட்டும். முப்பத்தோரு வருடம் மூடி வைத்தது போதும்.]

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள் இரண்டு.

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த" [பெய்யவில்லை. நல்ல வெயில். சோகம் என்றால் மழை வேண்டும் என்று எவன் சொன்னானோ.]

"அந்தப் பிராணி மருத்துவமனையில் நாய்க்காரர்கள் ஒரு பெஞ்சிலும் பூனைக்காரர்கள் எதிர்ப் பெஞ்சிலும் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் ஏற இறங்கப்"

இரண்டாவதைக் கிழிக்க மனசே வரவில்லை. அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் கிருமிநாசினி வாசனையும் ஈர ரோம வாசனையும் ஏறுகிறது. இரண்டே அறை. எடைபார்க்கும் மேடையில் எந்தப் பூனையும் ஐந்து நொடி சேர்ந்தாற்போல் நின்றதில்லை; ஆளையும் பூனையையும் சேர்த்து நிறுத்தி, பிறகு ஆளை மட்டும் நிறுத்திக் கழிப்போம். என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான நாலு வருடம் அது. அதனால்தான் இத்தனை நாள் அதைப் பற்றி எழுதவில்லை.

3

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அந்த மருத்துவமனையில் என் வேலை, அட்டை எழுதுவது. ஊசி, பூச்சி மருந்து, பல் பரிசோதனை என்று எந்தப் பிராணிக்கு எப்போது தேதி வருகிறதோ, ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கு ஒரு தபால் அட்டை போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டரம்மா சொல்லிவிட்டார்:

"நோய் வந்து தூக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் நான். வராம இருக்கணும்னா உன் அட்டை ஒழுங்காப் போகணும். புரியுதா?"

புரிந்தது. ஆனால் எனக்குள் இருந்த எழுத்தாளன் சும்மா இருப்பானா? அட்டையைப் பிராணியே எழுதுவது போல எழுத ஆரம்பித்தேன். 'அன்புள்ள அப்பாவுக்கு, வெள்ளிக்கிழமை எனக்கு ஊசி. போன தடவை டாக்டரம்மாவைப் பிறாண்டியதற்கு வெட்கப்படுகிறேன்.' ஊரே பேசியது. சிலர் அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேதி நினைவூட்டுகிற வேலை போய், இலக்கியம் படைக்கிற வேலையாகிவிட்டது.

4

தையற்காரரும் அக்காவும் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு நாய்க்குட்டி வாங்கினார்கள். வெள்ளை வால். பெயர் பொத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை முதல் ஊசிக்கு நீலத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஊசி எப்போது என்று அக்கா மூன்று தடவை கேட்டார். கவலைப்படாதீர்கள், அட்டை வரும் என்றேன்.*

[* குட்டிகளுக்கு முதல் ஊசி மட்டும் போதாது. தாய்ப்பாலில் வந்த பாதுகாப்பு குறையக் குறைய, அடுத்தடுத்த தவணை விழ வேண்டும். தவறினால் ரத்தக் கழிச்சல் நோய் காத்துக்கொண்டிருக்கும்.]

பொத்தானின் அட்டையை மட்டும் அசத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். தையல் கடை நாய் அல்லவா, ஊசியைப் பற்றி அது என்னவெல்லாம் சொல்லும்! இரண்டு வரி வந்தது, மூன்றாவது வரி படியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். மறுநாளும் படியவில்லை. அதற்குள் வேறு நாற்பது அட்டைகள் வந்து

5

நோய் வந்த பிறகுதான் பொத்தானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா உள்ளே கொண்டுபோனார். வெளியே நாங்கள் மூன்று பேர். தையற்காரர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அட்டை எதுவும் வரலையே தம்பி?"

அனுப்பினேனே என்று வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீதானே தபால் எடுத்து வெப்ப?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்கயாவது வெச்சிருப்பேன்" என்றார்.

[இந்த இடத்தில் எனக்கே இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். இவ்வளவு சீக்கிரமாகவா ஒருத்தி ஒப்புக்கொள்வாள்? 'வரவே இல்லை' என்று அடித்துச் சொல்ல வைத்து ஒருமுறை எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பொய்யாகவும் இருந்தது.]

பொத்தான் மூன்றாம் நாள் இறந்துபோனது. அது பிழைத்துக்கொண்டதாகவும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டமாட்டேன்.

தையற்காரர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு நாள் கத்தித் தீர்த்திருப்பார். இவர் அதை ஒரு கேலியாக்கிக்கொண்டார். 'அவகிட்டக் குடுக்காதீங்க, தொலைச்சிடுவா.' சாவி, மருந்துச் சீட்டு, பெண்ணின் பள்ளிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அதே கேலி. கேட்டுக் கேட்டு அக்காவும் நம்பிவிட்டார். நான் ஒவ்வொரு சட்டைக்கும் அங்கேதான் போனேன், ஒவ்வொரு முறையும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது.

6

இதுவரை எழுதிய தாள்களை நேற்று மத்தியானம் எடுத்துக்கொண்டு போய், அக்காவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். உள் அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூனைக்குட்டி இன்னும் அங்கேதான் இருந்தது. யாராவது எடுத்துப்போக வருவார்கள் என்று வைத்திருந்தார்கள். எட்டு வாரமாகிவிட்டதாம், முதல் ஊசிக்கு நேரம்.

முடித்ததும் அக்கா முதலில் பொத்தானைப் பற்றித்தான் பேசினார்.

"வால் முழுக்க வெள்ளை இல்ல தம்பி, நுனி மட்டும்தான். துணி நீலம் இல்ல, பச்சை. நாங்க வந்தது புதன்கிழமை."

மூன்றும் சரி. நான்தான் மறந்திருக்கிறேன். [மேலே திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.]

"அப்ப, நான் தொலைக்கல?"

"இல்லக்கா. அனுப்பவே இல்ல."

"பழைய வீட்டைக் காலி பண்ணப்பகூட அந்த அட்டை கிடைக்குதான்னு தேடினேன். அலமாரிக்குப் பின்னாடி கையை விட்டு விட்டுத் தேடினேன்."

அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஆனால் அத்தனை வருடத்தில் அந்த முகத்தில் நான் பார்க்காத கோபத்தைப் பார்த்தேன். உள் அறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, மிஷினை நிறுத்திட்டு இங்க வாங்க" என்றார்.

மிஷின் நின்றது. தையற்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் தாள்களை முதல் பக்கத்துக்குப் புரட்டினேன். அக்கா அவற்றை என் கையிலிருந்து வாங்கி, மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"படிக்க வேணாம் தம்பி. வாயால சொல்லுங்க."

இதற்குப் பிறகு நடந்ததை நேற்றிலிருந்து மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் அவர் எழுந்து வெளியே போகிறார். ஒன்றில் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஒன்றில் என்னை அறைகிறார். மூன்றிலும் நான் எப்படியோ கொஞ்சம் நல்லவனாகவே வந்து நிற்கிறேன். மூன்றையும் கிழித்தாயிற்று.

இனி என்னால் ஆகாது. நீங்கள் என் நாற்காலியில் வந்து உட்காருங்கள். எதிரில் அவர் "சொல்லுங்க தம்பி" என்கிறார். பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருக்கிறார். முதல் வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்.