பழுது ஏதுமில்லை

லிஃப்டுகளைச் சோதிப்பது என் உத்தியோகம். கம்பி வடம், பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்து, சரியாக இருந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வருஷமாக ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாகப் பேனாவைத் திறந்தாலே நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்கிறது. பிரேக்கைப் பார்த்தேனா? பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? பிரேக் இருக்கும் மொட்டைமாடி அறைக்கு மறுபடியும் ஏறுவேன். இறங்கி வந்து பேனாவைத் திறப்பேன். மறுபடியும் ஏறுவேன்.

கூட வரும் மெக்கானிக் எனக்கு 'இன்னொருதடவை' என்று பெயர் வைத்துவிட்டார். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார். இப்போதெல்லாம் நேராகவே, "டீ சாப்பிடலாமா, இன்னொருதடவை சார்?"

பதினோரு லிஃப்டுகள் என் கையெழுத்துக்காக நின்றுகிடந்தன. அதில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்காரர் தினமும் போன் செய்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். படியேறி வந்த மூச்சிரைப்பை இரண்டு நிமிடம் கேட்கவைத்துவிட்டு வைத்துவிடுவார்.

மேலதிகாரி கூப்பிட்டார். "மாசக் கடைசிக்குள்ள டாக்டரைப் பாத்து வைத்தியத்தை ஆரம்பிங்க. இல்லேன்னா ஸ்டோருக்கு மாத்திடுவேன். போல்ட்டு எண்ணிக்கிட்டு இருக்கலாம்."

ஒரு பெட்டி போல்ட்டை நான் எத்தனை முறை எண்ணுவேன் என்று யோசித்தபோதே வியர்த்துவிட்டது.

நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் நெஞ்சு டாக்டர்தானே. அவர் என் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படமெடுத்துப் பார்த்து, "இதயம் குதிரை மாதிரி இருக்கு" என்றார்.

"அதான் டாக்டர் பிரச்சினையே. ஓடுது."

அவர் சிரிக்கவில்லை. மனநல ஆலோசகர் ஒருவரின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப்பையிலேயே மூன்று வாரம் சுமந்தேன். ஒரு தடவை சட்டையோடு துவைத்தும் விட்டேன். எண் அழியவில்லை.

அதற்குள் மச்சினன் வேறு ஒரு வைத்தியம் சொன்னான். "அத்தான், விடிஞ்சதும் பச்சைத் தண்ணியில குளிங்க. பயமெல்லாம் பறந்துடும்." குளித்தேன். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது, கூடவே தும்மலும் வந்தது.

"நம்பரை வெச்சுக்கிட்டு இன்னும் என்னங்க யோசனை?" என்றாள் மனைவி.

"அங்க யாராவது என்னைப் பாத்துட்டா?"

"பாத்தா, அவங்களும் அங்கதான வந்திருப்பாங்க" என்று சொல்லி, அவளே போன் போட்டு நேரம் வாங்கிவிட்டாள்.

அந்த நாளுக்காக முடி வெட்டிக்கொண்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். செருப்பு ஆகாதென்று ஷூ மாட்டினேன். ஆலோசகரின் வரவேற்பறையில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் பதற்றம் இருந்ததா, தூக்கம் கெட்டதா, ஒன்றையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தீர்களா என்று இருபது கேள்விகள். ஃபாரம் என்றால் என் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. இல்லை, இல்லை, இல்லை என்று இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் 'வேறு ஏதேனும்' என்ற இடத்தில் 'பழுது ஏதுமில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மூன்று மாதத்தில் நடுங்காமல் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

ஆலோசகர் மூக்குக் கண்ணாடி போட்ட, அவசரமே இல்லாத பெண்மணி. ஃபாரத்தை முழுக்கப் படித்தார்.

"பதற்றம் இல்ல, கவலை இல்ல, நல்ல தூக்கம். இந்தக் கட்டடத்துலயே நீங்க ஒருத்தர்தான் நல்லா இருக்கீங்க போல சார். என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

"மேடம்," என்றாள் மனைவி, "கிளம்பும்போது வீட்டுக் கதவு பூட்டியிருக்கான்னு ஆறு தடவை இழுத்துப் பாத்தாரு. ஏழாவது தடவை இது கையோட வந்துடுச்சு." கைப்பையைத் திறந்து கதவின் கைப்பிடியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஆலோசகர் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், ஒரு கட்டடத்துல எல்லாமே சரியா இருக்குன்னு இப்படி ஒரு ஃபாரம் குடுத்தா, நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நம்பவே மாட்டேன் மேடம். நாம வர்ற நாளாப் பாத்து எண்ணெய்க் கறையைத் துடைச்சு, பெயின்ட் அடிச்சு, பளபளன்னு..."

வெட்டிய முடி பிடரியில் அரித்தது. அவர் என் இஸ்திரி மடிப்பைப் பார்த்தார். புது ஃபாரம் ஒன்றை நீட்டினார்.

இந்தத் தடவை உள்ளதை எழுதினேன். தனித் தாள் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. பாதியில் எழுத்து மங்கியது. மனைவி கைக்குட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரிலிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்தாள்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துட்டுத் தரேன்" என்றேன்.

ஆலோசகர் தாளை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். "வேணாம் சார். வைத்தியம் இங்கேயே ஆரம்பிக்குது."

வாரம் ஒரு நாள் போனேன். பயம் ஏறும், ஓர் உச்சிக்குப் போகும், விட்டால் தானாக இறங்கும். நான் ஓடிப்போய்ச் சரிபார்ப்பதால்தான் அது இறங்கக் கற்றுக்கொள்ளவில்லை என்றார். ஒரு தடவை ஒழுங்காகப் பார், பிறகு விலகி நில். அவ்வளவுதான் வீட்டுப்பாடம். முதலில் வாசல் கதவு, அப்புறம் அடுப்பு. போதவில்லையென்றால் மாத்திரைக்கு மருத்துவரிடம் அனுப்புவதாகவும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். வைத்தியம் ஆரம்பித்துவிட்டதென்று கேட்டு மேலதிகாரியும் ஸ்டோர் பேச்சைத் தள்ளிப்போட்டார்.

ஏழாவது வாரம், நின்றுகிடந்த பதினொன்றில் முதல் லிஃப்டுக்குப் போனேன். பட்டியலில் இருந்ததையெல்லாம் நிதானமாக, ஒரே ஒரு தடவை பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தேன்.

லிஃப்டை விட்டு நாலடி வைத்ததும் நெஞ்சு ஆரம்பித்தது. மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் மாடிப் படியில் கால் வைத்துவிட்டார்.

"வேணாம்" என்றேன். "லிஃப்டுக்கு எதிர் பெஞ்சுல இருபது நிமிஷம் உக்காரணும். மேடம் சொல்லியிருக்காங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. உக்காரணும், அவ்வளவுதான்."

உட்கார்ந்தோம். ஒரு பெண் குழந்தையோடு லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடியது. என் கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "சார், வேணும்னா என் கையைப் பிடிச்சுக்கோங்க. யாராவது கேட்டா, நான்தான் பயந்துட்டேன்னு சொல்லிக்கலாம்."

பிடித்துக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுக்கேறிய, முரட்டுக் கை. பதினேழாவது நிமிடத்தில்தான் விட்டேன்.